தங்கைக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ்: ப்ரோபயாடிக் அவள் இம்யூனிட்டியை என்ன செய்யும்?

மேலவீதி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு 27 வயது. சில வருஷமாக அல்சரேட்டிவ் கோலைடிஸ் இருக்கிறது. மெசலமைன் மாத்திரை தினமும் போகிறது, இப்போதைக்கு ரத்தம் போவது நின்று கட்டுக்குள் இருக்கிறது. போன வாரம் சித்தப்பா ஊரிலிருந்து வரும்போது ஒரு ப்ரோபயாடிக் (உயிருள்ள 'நல்ல' பாக்டீரியா) பவுடர் டப்பா வாங்கி வந்தார். பாசத்தோடு வாங்கி வந்தது, தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்று போட்டிருக்கிறது.

என் குழப்பம் இங்கேதான். தங்கையின் டாக்டர் ஆரம்பத்திலேயே விளக்கியது என்னவென்றால், அவளுடைய எதிர்ப்புச் சக்தியே அவள் பெருங்குடலைத் தாக்குகிறது, அதை அடக்கத்தான் மருந்து. அப்படியிருக்க, அதைப் பெருக்குகிற பொருளைக் கொடுத்தால் நோய் கூடாதா? கூடாது என்றால், அந்த பாக்டீரியா உள்ளே போய் உண்மையில் என்னதான் செய்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அதற்குள் விஷயத்தைப் புரிந்துகொண்டு போனால் சரியாகக் கேட்க முடியும்.

தயிர்சாதம்

தம்பி, ரொம்ப யோசிக்காதீங்க. நல்ல பாக்டீரியாதானே, கெட்டதை விரட்டும், அவ்வளவுதான். தயிரும் மோரும் சாப்பிட்டு யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. நான் தாராளமா கொடுக்கலாம்னுதான் சொல்வேன்.

நுண்ணோக்கி

மேலவீதி அண்ணா, உங்கள் சந்தேகம் முழுக்க நியாயமானது. குடல் நுண்ணுயிர்கள்தான் என் ஆராய்ச்சித் துறை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், கெட்டதை விரட்டுவது மட்டும்தான் நடக்கிறது என்பதில்லை. குடலின் இம்யூனிட்டிக்குப் பெரும்பாலான நேரம் உள்ள வேலை, சண்டை போடாமல் இருப்பது. மூன்று வேளையும் சாப்பாட்டில் அந்நியப் புரதங்கள் வருகின்றன. பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியா நிரந்தரமாகக் குடியிருக்கிறது. இவை எல்லாவற்றோடும் மல்லுக்கு நின்றால் குடல் முழுக்கப் புண்ணாகிவிடும். அதே சமயம் காலராக் கிருமியோ டைபாய்டு கிருமியோ வந்தால் விட்டுவிடவும் கூடாது. உங்கள் தங்கைக்கு எதிர்ப்புச் சக்தி "அதிகம்" என்பதைவிட, எதை விட்டுவிட வேண்டும் என்கிற கட்டுப்பாடு குலைந்திருக்கிறது என்று சொன்னால் நிஜத்துக்கு இன்னும் பக்கத்தில் வரும்.

அந்தக் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது? குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான். அதன் மேல் சளிப்படலம். பெருங்குடலில் இந்தச் சளி இரண்டு அடுக்கு. மேல் அடுக்கில் பாக்டீரியா புழங்கும், சுவரை ஒட்டிய உள் அடுக்கில் ஆரோக்கியமான ஆளுக்கு ஏறக்குறைய பாக்டீரியாவே இருக்காது. அல்சரேட்டிவ் கோலைடிஸ் உள்ளவர்களில் பலருக்கு இந்த உள் அடுக்கிலேயே பாக்டீரியா ஊடுருவி இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பேயர் திட்டுகள் என்று சில மேடுகள் உண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹான் கொன்ராட் பேயர் 1677இல் விவரித்ததால் அந்தப் பெயர். அவற்றின் மேல் 'எம் செல்' எனப்படும் தனி வகைச் செல்கள் இருக்கின்றன. நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்று நினைக்கிறேன். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குள் குத்தூசி விட்டுக் கொஞ்சம் நெல்லை உருவிப் பார்ப்பார்கள் இல்லையா, எம் செல்லின் வேலை அதுதான். குடலுக்குள் இருப்பதில் கொஞ்சத்தை எடுத்துக் கீழே காத்திருக்கும் டென்ட்ரிட்டிக் செல்லிடம் கொடுக்கும். டென்ட்ரிட்டிக் செல் அதைச் சுமந்துகொண்டு குடலை ஒட்டிய நிணநீர் முடிச்சுக்குப் போய் அங்கே டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களிடம் காட்டும்.

தீர்ப்பு அங்கேதான் முடிவாகிறது. டென்ட்ரிட்டிக் செல் எந்த ரசாயனங்களோடு வந்து காட்டுகிறது என்பதைப் பொறுத்து டி செல் தாக்கும் வகையாகவும் மாறலாம், அடக்கும் வகையாகவும் மாறலாம். குடலில் வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலமும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையும் சேர்ந்திருந்தால் அடக்கும் வகை, அதாவது டி-ரெக் செல்கள் அதிகம் உருவாகும். 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது இந்த டி-ரெக் செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகத்தான்.

கூடவே ஐஜிஏ என்ற ஆன்டிபாடியும் சுரக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 3 முதல் 5 கிராம் வரை குடலுக்குள் வந்து சேர்கிறது. இது பாக்டீரியாவைக் கொல்வதில்லை. அதன் மேல் பூசிக்கொண்டு சுவரை நெருங்க விடாமல் வைத்திருக்கும். வீக்கத்தை (அழற்சியை) உண்டாக்காத காவல்.

ப்ரோபயாடிக் வேலை செய்கிறது என்றால், இந்தத் தீர்ப்பு நடக்கும் இடங்களில் எங்கேயாவது குறுக்கிட வேண்டும்.

மேலவீதி

மிக்க நன்றி மேடம், கொள்முதல் நிலைய உதாரணத்தில் சட்டென்று பிடிபட்டது. ஒரு சந்தேகம். எம் செல் எடுத்துக் கொடுப்பது நல்ல பாக்டீரியாவா கெட்ட பாக்டீரியாவா என்று டென்ட்ரிட்டிக் செல்லுக்கு எப்படித் தெரியும்?

நுண்ணோக்கி

நேரடியாகத் தெரியாது. எல்லா பாக்டீரியாவிலும் பொதுவாக உள்ள சில பொருட்களை, செல் சுவர்த் துண்டு, வால் புரதம், டிஎன்ஏ போன்றவற்றை, செல்களில் உள்ள டோல் வகை ஏற்பிகள் என்ற உணர்விகள் கண்டுகொள்கின்றன. நல்லதற்கும் கெட்டதற்கும் அதே ஏற்பிகள்தான். எந்த இடத்தில், எவ்வளவு, எந்த வடிவத்தில் உணர்கிறது என்பதில்தான் வித்தியாசம். சுவரின் மேல்பக்கம் பட்டால் ஒரு பதில், சுவரைத் தாண்டி அடிப்பக்கம் பட்டால் வேறு பதில்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2004இல் யேல் பல்கலையில் ருஸ்லான் மெட்ஜிடோவ் குழு செய்தது. எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவை அழித்தார்கள். பிறகு குடலைக் காயப்படுத்தும் ரசாயனம் கொடுத்தார்கள். வீக்கத்தைத் தூண்டும் பாக்டீரியா இல்லையே, தப்பித்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாறாக அவை அதிகமாகச் செத்தன. பாக்டீரியாவின் செல் சுவர்ப் பொருளை மட்டும் குடிநீரில் கலந்து கொடுத்தபோது பிழைத்தன. குடல் சுவர் தன்னைப் பழுதுபார்த்துக் கொள்வதற்கே பாக்டீரியாவின் இருப்பு தெரிய வேண்டியிருக்கிறது.

இப்போது ப்ரோபயாடிக்குக்கு வருவோம். லாக்டோபாசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி என்ற ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் அமெரிக்காவில் ஷெர்வுட் கோர்பாக், பேரி கோல்டின் இருவரும் ஆரோக்கியமான மனிதக் குடலிலிருந்து பிரித்தெடுத்தது. அதன் உடம்பில் முடி மாதிரி நீட்டல்கள் உண்டு, அவற்றால் சளியில் ஒட்டிக்கொள்ளும். அது பி40 என்று ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம் குடல் சுவர் செல்லின் ஓர் ஏற்பியைத் தட்டி, செல் சாவைக் குறைத்துச் சுவரை இறுக்கமாக்குவதை ஆய்வகத்திலும் எலியிலும் காட்டியிருக்கிறார்கள். அதே இனத்தின் வேறு ரகத்துக்கு அந்த முடி இல்லாமல் போகலாம். எனவே "லாக்டோபாசிலஸ் நல்லது" என்று மொத்தமாகச் சொல்வது பொருளற்றது.

ரகம்கூட வேண்டாம், ஒரே பாக்டீரியாவின் சுவரில் சிறு மாற்றம் செய்தாலே கதை மாறுகிறது. 2005இல் பிரான்சில் எல். (லாக்டோபாசிலஸ்) பிளான்டாரம் என்ற பாக்டீரியாவின் செல் சுவரில் உள்ள டெய்கோயிக் அமிலத்தில் டி-அலனைன் ஒட்டுவதைக் குறைத்தார்கள். மாற்றிய ரகம் வீக்கத்தைத் தணிக்கும் ஐஎல்-10 சமிக்ஞையை அதிகமாகத் தூண்டியது, எலியின் பெருங்குடல் வீக்கத்தைக் கூடுதலாகக் குறைத்தது. 2009இல் நெதர்லாந்தில் ஆரோக்கியமான மனிதர்களிடமே பார்த்தார்கள். அதே எல். பிளான்டாரம், ஆனால் மும்முரமாக வளர்ந்துகொண்டிருந்தது, வளர்ந்து ஓய்ந்தது, கொல்லப்பட்டது என மூன்று வடிவம். விழுங்கிய சில மணி நேரத்தில் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால், மூன்றுக்கும் ஜீன்கள் வேறு வேறு விதமாகப் பதில் சொல்லியிருந்தன. வளர்ந்து ஓய்ந்ததைக் கொடுத்தபோதுதான் சகிப்போடு சேர்ந்து வரும் மாற்றங்கள் தெளிவாகத் தெரிந்தன.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஒரு ரகம் அடக்கலாம், இன்னொன்று தூண்டலாம், மற்றொன்று ஒன்றுமே செய்யாமல் வெளியே போய்விடலாம். டப்பாவின் மேல் ஒரே வரியில் அதை எழுத முடியாது.

இரைப்பை

நான் குடல் நோய் மருத்துவர். மேலே எழுதியவர் அடிப்படையை அழகாகச் சொல்லிவிட்டார். நோயாளிகளிடம் இதுவரை என்ன தெரிந்திருக்கிறது என்பதை நான் சொல்கிறேன். உங்கள் தங்கையை நான் பார்க்கவில்லை, எனவே இது பொதுவான தகவல்தான்.

அல்சரேட்டிவ் கோலைடிஸில் ஓரளவு நல்ல ஆதாரம் உள்ள பாக்டீரியா எது தெரியுமா? ஈ. கோலை. ஆம், ஈ. கோலையில் ஒரு ரகம். முதல் உலகப் போரின்போது வயிற்றுப்போக்கு பரவிய இடத்தில் ஒரு படைவீரர் மட்டும் பாதிக்கப்படாமல் இருந்தார். அவர் மலத்திலிருந்து ஜெர்மனியின் அல்ஃபிரெட் நிஸ்லே 1917இல் பிரித்தெடுத்ததால் அதற்கு ஈ. கோலை நிஸ்லே 1917 என்று பெயர். 2004இல் வெளியான ஆய்வில் நோய் அடங்கிய நிலையில் இருந்த 327 பேரில் ஒரு பாதிக்கு மெசலமைனும் மறுபாதிக்கு நிஸ்லேயும் 12 மாதம் கொடுத்தார்கள். நோய் திரும்பியது நிஸ்லே எடுத்தவர்களில் 36.4%, மெசலமைன் எடுத்தவர்களில் 33.9%. அதாவது ஏறக்குறைய சமம்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நோய் அடங்கியவர்களுக்கு அது அப்படியே நீடிக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது இது மருந்தாகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இரண்டாவது, நிஸ்லேக்குக் கிடைத்த முடிவை உங்கள் கையில் உள்ள பவுடருக்கு மாற்றிப் போட முடியாது. நிஸ்லேயிலேயே ஒரு நெருடல் உண்டு. மனித டிஎன்ஏ-வைச் சேதப்படுத்தக்கூடிய கோலிபாக்டின் என்ற நச்சைத் தயாரிக்கும் ஜீன் தொகுதி அதில் இருக்கிறது. வருஷக்கணக்கில் கொடுப்பதென்றால் அதை யோசிக்காமல் இருக்க முடியாது. அமெரிக்கக் குடல் நோய் மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, அல்சரேட்டிவ் கோலைடிஸுக்கும் அதைப் போன்ற இன்னொரு குடல் அழற்சியான க்ரோன்ஸ் நோய்க்கும் ப்ரோபயாடிக்கை ஆய்வுகளுக்குள் மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது.

"கொடுத்தால் கெடுதல் இல்லை" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வெளிநோயாளிப் பிரிவில் தினமும் கேட்கும் வாக்கியம் அது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி வரும் அபாயத்தில் இருந்த 298 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஆறு ரகங்கள் கலந்த ப்ரோபயாடிக்கைக் குழாய் வழியே சிறுகுடலுக்குள் கொடுத்தார்கள். தொற்று குறையும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். 2008இல் முடிவு வெளிவந்தது. தொற்று குறையவில்லை. ப்ரோபயாடிக் எடுத்த 152 பேரில் 24 பேர் இறந்தார்கள், எடுக்காத 144 பேரில் 9 பேர். ப்ரோபயாடிக் குழுவில் 9 பேருக்குக் குடலுக்கு ரத்த ஓட்டம் தடைபட்டது, மறு குழுவில் ஒருவருக்குக்கூட இல்லை. அந்த நோயாளிகளின் குடல் சுவர் ஏற்கெனவே ரத்தம் போதாமல் தவித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் கோடிக்கணக்கில் பாக்டீரியாவை இறக்கினார்கள்.

உங்கள் தங்கை வெறும் மெசலமைனில் இருக்கிறார் என்றால் அபாயம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் நாளைக்கு ஸ்டீராய்டு, அசத்தியோபிரின், பயாலஜிக் ஊசி என்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளுக்குப் போக நேர்ந்தால் கதை வேறு. மிகவும் பலவீனமான நோயாளிகளின் ரத்தத்தில் ப்ரோபயாடிக் கிருமியே வளர்ந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. சக்கரோமைசஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட்டை எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் ஐசியூ நோயாளிகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2017இல் எச்சரித்தது.

தயிர்சாதம்

டாக்டர் ஐயா, கணைய நோயாளிகள் விஷயம் எனக்குத் தெரியாது. படிச்சதும் மனசு கஷ்டமா இருந்தது. அப்போ யாருக்குமே பயன் இல்லையா இது?

வார்டு அக்கா

இருக்கு சார். நான் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நம்ம நாட்டிலேயே நடந்த ஆய்வைச் சொல்றேன், இது எல்லாருக்கும் தெரியணும்.

ஒடிசாவில் 149 கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகள். எல்லாம் ஓரளவு மாசம் நிறைஞ்சு, குறைந்தது இரண்டு கிலோ எடையோடு பிறந்து, தாய்ப்பால் குடிக்க ஆரம்பிச்ச குழந்தைகள். பிறந்த சில நாளில் தொடங்கி ஏழே நாள், ஒரு எல். பிளான்டாரம் ரகத்தையும் அது தின்று வளர்வதற்கு ஒரு வகைச் சர்க்கரையையும் சேர்த்து வாயில் கொடுத்தாங்க. பாதிக் குழந்தைகளுக்கு வெறும் டம்மி பொடி. இரண்டு மாசம் வீடு வீடாகப் போய்க் கண்காணிச்சாங்க. பினாகி பாணிகிரஹி என்ற மருத்துவர் தலைமையில் நடந்து 2017இல் வெளிவந்தது. ரத்தத் தொற்றோ இறப்போ ஏற்பட்டது டம்மி குழுவில் 9%, மருந்துக் குழுவில் 5.4%. இறப்பு இரண்டு பக்கமும் ரொம்பக் குறைவு, குறைஞ்சது தொற்றுதான்.

நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற விஷயம், வயிற்றுக்குக் கொடுத்த மருந்தால நுரையீரல் தொற்றும் குறைஞ்சது. ராத்திரி டூட்டியில் ஒரு குழந்தை மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ளே குழியும். பால் குடிக்காது, கையைத் தொட்டா சில்லுனு இருக்கும். அந்தக் கைக்கு ஊசி போட நரம்பு தேடுற வேலை எங்களுக்குத்தான் தெரியும். நூற்றுக்கு மூணு நாலு குழந்தைக்கு அந்த நிலை வராமல் தடுக்க முடியும்னா அது சாதாரண விஷயம் இல்லை.

அதுக்காக எல்லாக் குழந்தைக்கும்னு சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் மாசம் குறைஞ்சு பிறந்த 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பிஃபிடோபாக்டீரியம் ப்ரீவே என்ற வேறு பாக்டீரியா கொடுத்துப் பார்த்தாங்க, பலன் இல்லைன்னு 2016இல் வந்தது. 2023இல் அமெரிக்காவில் ப்ரோபயாடிக் கொடுத்த ஒரு குறைமாதக் குழந்தை அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி இறந்துபோச்சு. உடனே அங்கே உள்ள உணவு மருந்து நிர்வாகம் குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கை விட்டுச்சு. தயவுசெய்து வீட்டில் நீங்களே வாங்கிப் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க.

கேள்விக்குறி

வார்டு அக்கா சொன்ன ஒடிசா ஆய்வு பலன் தெரிந்ததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அப்படி நிறுத்தப்படும் ஆய்வுகளில் பலன் கொஞ்சம் பெரிதாகத் தெரியும் வாய்ப்பு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கேள்வி. தொற்று குறைந்ததற்கு இம்யூனிட்டிதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த பாக்டீரியா வெறுமனே இடத்தைப் பிடித்துக்கொண்டு கெட்ட கிருமிக்குச் சாப்பாடு இல்லாமல் செய்திருக்கலாமே?

நுண்ணோக்கி

செய்திருக்கலாம். அந்த ஆய்வு அதைப் பிரித்துப் பார்க்க வடிவமைக்கப்பட்டதல்ல. நுரையீரல் தொற்றும் குறைந்ததால் உடம்பு முழுவதும் பரவிய ஏதோ ஒரு மாற்றம் என்று ஊகிக்கிறார்கள். பச்சிளங்குழந்தையின் குடல் இம்யூனிட்டி அப்போதுதான் பாடம் கற்கத் தொடங்குகிறது என்பதும் அந்த ஊகத்துக்குத் துணை. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்குப் பேயர் திட்டுகள் சிறுத்தும் ஐஜிஏ மிகக் குறைந்தும் இருக்கும். ஆரம்பத்தில் யார் வந்து குடியேறுகிறார்கள் என்பது அந்த வயதில் எடைபோடும். 27 வயதுக் குடலில் ஏற்கெனவே ஊர் நிறைந்திருக்கிறது. புதிதாக வரும் பாக்டீரியா பெரும்பாலும் தங்காது. சாப்பிடுவதை நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் மலத்தில்கூட அதைக் காண்பது அரிது.

இம்யூனிட்டியை நேரடியாக அளந்த ஆய்வு ஒன்று நம் வேலூரிலேயே உண்டு. ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து பணக்கார நாடுகளில் வேலை செய்யும் அளவுக்கு நம் நாட்டுக் குழந்தைகளிடம் வேலை செய்வதில்லை. குடலில்தான் ஏதோ தடை. அதைச் சரிசெய்ய முடியுமா என்று வேலூர் சிஎம்சி குழு, முன்பு சொன்ன ரம்னோசஸ் ஜிஜியையும் ஜிங்க்கையும் சொட்டு மருந்தோடு கொடுத்து 620 குழந்தைகளின் ஆன்டிபாடியை அளந்தது. 2018இல் வந்த முடிவு: இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களிடம் கொஞ்சம் முன்னேற்றம் தென்பட்டது, ஆனால் அவர்கள் வைத்திருந்த இலக்கை எட்டவில்லை. ப்ரோபயாடிக் மட்டும் கொடுத்தபோது சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. இந்த மாதிரி நேர்மையான, ஏமாற்றமான முடிவுகளையும் நாம் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கனடா அம்மா

யாழ்ப்பாணத்தில பிறந்து ரொறன்ரோவில இருக்கிறன். என்ர சின்னவனுக்கு வயித்தோட்டம் வந்தபோது சொந்தக்காரர் எல்லாரும் ப்ரோபயாடிக் குடுக்கச் சொல்லிச்சினம். இங்கத்தைய குழந்தை வைத்தியர் தேவையில்லை, உப்புச் சீனிக் கரைசலைக் குடுங்கோ என்று சொன்னா. பிறகுதான் வாசிச்சன், கனடாவிலேயே 886 பிள்ளையளை வைச்சு ஆய்வு செய்து 2018இல வெளியிட்டிருக்கினம். ஐஞ்சு நாள் குடுத்தும் குடுக்காததுக்கும் வித்தியாசம் இல்லையாம். அதே நேரம் அமெரிக்காவிலையும் ரம்னோசஸ் ஜிஜியை வைச்சு அதே முடிவு. உங்கட ஊர்ப் பக்கம் இது எப்பிடி?

இரைப்பை

அம்மா, உங்கள் மருத்துவர் சொன்னது மிகச் சரி. நம் ஊரிலும் ஓஆர்எஸ் கரைசலும் ஜிங்க்கும்தான் முதலில். இந்தியாவில் கொல்கத்தாவின் குடிசைப் பகுதியில் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 3,758 குழந்தைகளுக்கு ஷிரோட்டா என்ற லாக்டோபாசிலஸ் ரகம் உள்ள பால் பானத்தைத் தினமும் 12 வாரம் கொடுத்த ஆய்வு உண்டு, 2011இல் வந்தது. வயிற்றுப்போக்கு வருவது 14% குறைந்தது. கவனியுங்கள், இது வராமல் தடுப்பது பற்றியது. கனடாவில் பார்த்தது வந்த பிறகு ஆற்றுவது. கிருமி அடிக்கடி தாக்கும் சூழலில் வாழும் குழந்தைக்கும், நல்ல தண்ணீர் குடித்து வளரும் குழந்தைக்கும் ஒரே பலனை எதிர்பார்க்கவும் முடியாது.

தயிர்சாதம்

அப்போ தயிர், மோர், பழைய சோறு? இதில் இருக்கிற பாக்டீரியாவும் எம் செல், டென்ட்ரிட்டிக் செல் எல்லாத்தையும் தொடும் இல்லையா? தங்கச்சி தயிர் சாப்பிடலாமா கூடாதா?

நுண்ணோக்கி

தொடும் ஐயா. வீட்டுத் தயிரில் உயிருள்ள பாக்டீரியா ஏராளம். ஆனால் என்ன ரகம், எவ்வளவு என்று வீட்டுக்கு வீடு, உறைமோருக்கு உறைமோர் மாறும். ஐநா உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2001இல் வகுத்த இலக்கணப்படி, போதிய அளவில் கொடுக்கும்போது உடலுக்கு நன்மை தருவதாகக் காட்டப்பட்ட உயிருள்ள நுண்ணுயிர்தான் ப்ரோபயாடிக். வீட்டுத் தயிருக்கு அப்படிக் காட்டப்படவில்லை. அதனால் அது மட்டம் என்று அர்த்தமில்லை, அது உணவு.

உணவாகவே அதற்கு ஆதாரம் சேர்ந்து வருகிறது. ஸ்டான்ஃபோர்டில் 2021இல் 36 பேரில் ஒரு பாதிக்கு நார்ச்சத்து அதிகமுள்ள உணவும் மறுபாதிக்குப் புளித்த உணவுகளும் பத்து வாரம் கொடுத்தார்கள். புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடல் பாக்டீரியாவில் வகைகள் பெருகின, ரத்தத்தில் வீக்கம் சார்ந்த 19 புரதங்கள் குறைந்தன. சிறிய ஆய்வு, ஆரோக்கியமானவர்கள் மட்டும். கோலைடிஸ் உள்ளவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் எனக்கு அது நம்பிக்கை தரும் ஆய்வு.

இன்னொன்றும் இதோடு சேரும். டி-ரெக் செல்கள் பெருகுவதற்கு உதவும் பொருட்களில் முக்கியமானது பியூட்டிரேட். 2013இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் எலிகளில் இதைத் தனித்தனியே காட்டின. ஆனால் கடையில் விற்கும் லாக்டோபாசிலஸும் பிஃபிடோவும் பியூட்டிரேட் தயாரிப்பதில்லை. அவை லாக்டிக் அமிலமும் அசிட்டேட்டும் விடும், அதை நம் குடலில் ஏற்கெனவே உள்ள ஃபீக்கலிபாக்டீரியம் போன்றவை எடுத்து பியூட்டிரேட்டாக மாற்றும். நார்ச்சத்து இல்லாமல், அந்தக் குடியிருப்பாளர்கள் இல்லாமல், டப்பாவை மட்டும் நம்பினால் பாதி வேலைக்கு ஆள் இல்லை.

இரைப்பை

தங்கை தயிர் சாப்பிடலாமா என்றால், நோய் அடங்கியிருக்கும்போது அவருக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாக. நோய் கிளம்பியிருக்கும்போது பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், தயிர் பெரும்பாலும் பாலைவிட எளிதில் செரிக்கும்.

மருந்துக்கடை

நான் மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அண்ணே, டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. மூன்று விஷயம் இருக்கணும். பாக்டீரியாவின் பேருக்குப் பின்னாடி எழுத்தோ எண்ணோ சேர்ந்த ரகக் குறியீடு. எண்ணிக்கை எவ்வளவு, அது தயாரித்த நாளுக்கா காலாவதி நாள் வரைக்குமா என்பது. எந்தச் சூட்டில் வைக்கணும் என்பது. முதலாவது இல்லாட்டி மேலே எழுதின எந்த ஆய்வையும் அந்த டப்பாவோட பொருத்திப் பார்க்க முடியாது.

கடையில பார்க்கிறதைச் சொல்றேன். குளிர்ச்சியில வைக்க வேண்டிய சரக்கு மே மாச வெயில்ல பார்சல் வண்டியில கிடந்து வரும். உயிரோட எத்தனை மிச்சம்னு யாருக்குத் தெரியும்? வித்து வடிவத்தில வர்ற பேசிலஸ் கிளாசி, கோயகுலன்ஸ் மாதிரி ரகங்கள் மட்டும் சூட்டைத் தாங்கும். சிலர் கொதிக்கிற பால்ல பவுடரைக் கலக்கிக் கொடுக்கிறாங்க, அது வீண். ஆன்டிபயாடிக் எழுதின சீட்டு வந்தாலே இதையும் சேர்த்துக் கொடுங்கன்னு கேட்கிறவங்க நிறைய. அதைப் பத்தி டாக்டர் சொன்னா நல்லா இருக்கும்.

இரைப்பை

ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து எடுப்பதில் சி. டிஃபிசில் என்ற கிருமியால் வரும் கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கச் சில ரகங்களுக்கு ஆதாரம் உண்டு. எனவே மருத்துவமனையில் இருக்கும் வயதானவர்களுக்கு யோசிக்கலாம். எல்லோருக்கும் வழக்கமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2018இல் ஆன்டிபயாடிக் முடித்தவர்களுக்கு 11 ரகக் கலவையைக் கொடுத்துக் குடலுக்குள் கேமரா விட்டே பார்த்தார்கள். ப்ரோபயாடிக் எடுத்தவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியா திரும்பி வருவது தாமதமானது. ஒன்றுமே எடுக்காதவர்களுக்கு அதைவிட வேகமாகத் திரும்பியது.

மேலவீதி

எல்லோருக்கும் நன்றி. மருந்துக்கடை அண்ணன் சொன்னபடி பின்பக்கம் பார்த்தேன். "லாக்டோபாசிலஸ் மற்றும் பிஃபிடோபாக்டீரியா கலவை, 1000 கோடி" என்று மட்டும் இருக்கிறது. ரகக் குறியீடு இல்லை. எந்தத் தேதி வரைக்கும் அந்த எண்ணிக்கை என்பதும் இல்லை.

இன்று தங்கையோடு போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். டப்பாவையும் எடுத்துப் போயிருந்தோம். அவர் பவுடர் வேண்டாம் என்றார். மெசலமைனை ஒரு வேளைகூட விடக் கூடாது, இது எடுக்கிறோமே என்று அதைக் குறைத்துவிடுவதுதான் தனக்குப் பயம் என்றார். தங்கை தயிர் பற்றிக் கேட்டாள், தினமும் சாப்பிடச் சொன்னார். நிஸ்லே பற்றி நான் கேட்டதும் கொஞ்சம் ஆச்சரியப்பட்டு, மெசலமைன் ஒத்துக்கொள்ளாத நிலை வந்தால் அப்போது பேசலாம், இப்போது அவசியமில்லை என்றார். குடலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க மலத்தில் கால்புரோடெக்டின் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தங்கையே போன் போட்டு, டாக்டர் தயிர்தான் சாப்பிடச் சொன்னார் என்று சொல்லிவிட்டாள்.

வார்டு அக்கா

நல்ல முடிவு தம்பி. கால்புரோடெக்டின் ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுங்க. மாத்திரை சாப்பிட மறக்காமல் இருக்க போன்ல அலாரம் வைக்கச் சொல்லுங்க, நோய் அடங்கியிருக்கும்போதுதான் நிறையப் பேர் மாத்திரையை விட்டுடறாங்க.